மூளையின் குளூட்டமேட் கடத்திகளைத் தடுப்பான்களால் ஆராய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் பல்துறைத் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழக ஆய்வகங்களில் முதன்முறையாக இந்த வேலையைத் தொடங்கும் தமிழ் மாணவர்களுக்காக இதை எழுதுகிறோம். குளூட்டமேட் என்பது நரம்பணுக்கள் ஒன்றையொன்று தூண்டப் பயன்படுத்தும் தூதுப்பொருள். செல்லின் சவ்வைத் தாண்டி அதைக் கொண்டுபோகும் புரதத்தைக் 'கடத்தி' என்றும், கடத்தியின் வேலையை நிறுத்தும் வேதிப்பொருளைத் 'தடுப்பான்' என்றும், குளூட்டமேட் வந்து ஒட்டியதும் சமிக்ஞை எழுப்பும் புரதத்தை 'ஏற்பி' என்றும் சொல்கிறோம். கடத்தியையும் ஏற்பியையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

குளூட்டமேட்டை அகற்றத் தனியாகக் கடத்திகள் எதற்கு?

அசிட்டைல்கோலின் என்னும் இன்னொரு தூதுப்பொருளுக்கு, இரு நரம்பணுக்கள் சந்திக்கும் சினாப்ஸ் இடைவெளியிலேயே அதை உடைக்கும் நொதி இருக்கிறது. குளூட்டமேட்டுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. வெளியே வந்த குளூட்டமேட் விலகிப் பரவ வேண்டும், இல்லையென்றால் யாராவது அதை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். அந்த இழுக்கும் வேலையைச் செய்பவை கடத்திகள். ஒரு குளூட்டமேட் உள்ளே போகும்போது கூடவே 3 சோடியம் அயனிகளும் 1 புரோட்டானும் உள்ளே போகின்றன, 1 பொட்டாசியம் அயனி வெளியே வருகிறது. செல்லுக்குள் மில்லிமோலார் கணக்கில் இருக்கும் குளூட்டமேட் வெளியே மிகக் குறைவாக இருப்பதற்கு இந்தச் சோடியம், பொட்டாசியம் சரிவுகள்தான் காரணம்.

எத்தனை வகைக் கடத்திகள்? எது எங்கே?

செல்சவ்வில் ஐந்து: இஏஏடி-1 முதல் இஏஏடி-5 வரை (இஏஏடி என்பது 'தூண்டும் அமினோ அமிலக் கடத்தி' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). எலி, சுண்டெலி ஆய்வுகளில் முதல் மூன்றுக்கும் ஜிஎல்ஏஎஸ்டி, ஜிஎல்டி-1, இஏஏசி-1 என்ற பெயர்களும் வழங்குகின்றன. முன்மூளையில் பெரும்பங்கு வேலை இஏஏடி-2 உடையது. அது பெரும்பாலும் ஆஸ்ட்ரோசைட்களில் (நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் கிளையா செல்களில்) இருக்கிறது, ஓரளவு நரம்புமுனைகளிலும் உண்டு. சிறுமூளையின் பெர்க்மன் கிளையாவில் இஏஏடி-1 ஆதிக்கம் செலுத்துகிறது. இஏஏடி-3 நரம்பணுக்களில், இஏஏடி-4 சிறுமூளையின் பர்கின்யே நரம்பணுக்களில், இஏஏடி-5 விழித்திரையில்.

வயதையும் பாருங்கள். பிறந்த எலிக்குட்டியின் மூளையில் இஏஏடி-2 மிகக் குறைவு. முதல் சில வாரங்களில்தான் அது ஏறுகிறது. 7 நாள் குட்டியில் எடுத்த முடிவை 30 நாள் எலியின் முடிவோடு அப்படியே ஒப்பிடக் கூடாது.

எல்லாத் தடுப்பான்களும் ஒரே வேலையைத்தானே செய்கின்றன?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

தடுப்பான் என்று விற்கப்படும் பொருள்களில் இரண்டு இனம் உண்டு. ஒன்று, கடத்தியின் வாயிலில் உட்கார்ந்துகொண்டு நகராத இனம். டிபிஓஏ இதில் சேரும். இது 1990-களின் இறுதியில் ஜப்பானில் உருவானது. அதன் பக்கவாட்டில் தொங்கும் பென்சைல் தொகுதி, கடத்தியின் கதவு போன்ற பகுதியை மூடவிடாமல் தடுக்கிறது. தொல்நுண்ணுயிரியின் ஒத்த கடத்தி ஒன்றில் டிபிஓஏ ஒட்டிய நிலையின் படிக அமைப்பு 2007-இல் வெளிவந்தபோது இந்தத் திறந்த கதவு கண்ணுக்கே தெரிந்தது.

மற்றொன்று, குளூட்டமேட்டுக்குப் பதிலாகத் தானே உள்ளே போய்விடும் போலிப் பயணி. பிடிசி, டிஹெச்ஏ இரண்டும் இந்த இனம். இவை இருக்கும்போது கதிரியக்கக் குளூட்டமேட் குறைவாகவே உள்ளே போகும், ஆகவே உங்கள் வரைபடத்தில் 'தடுப்பு' என்றுதான் தெரியும். ஆனால் போலிப் பயணியை உள்ளே இறக்கிவிட்ட கடத்தி வெளிப்பக்கம் திரும்பும்போது, செல்லுக்குள் இருக்கும் குளூட்டமேட்டை ஏற்றிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். இதைப் பரிமாற்றம் என்கிறோம். வெளியே குளூட்டமேட் கூடியதைப் பார்த்து 'அகற்றல் நின்றதால் தேங்கியது' என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் அதில் ஒரு பகுதி பிடிசியே வெளியே இழுத்துவிட்டது.

இரண்டையும் பிரித்துக்காட்ட எளிய சோதனை உண்டு. கடத்திகள் குளூட்டமேட்டைப் போலவே ஏற்றிக்கொள்ளும் பொருள் டி-அஸ்பார்டேட். டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) ஏற்றிய டி-அஸ்பார்டேட்டைச் செல்களுக்கு 20 முதல் 30 நிமிடம் கொடுத்து நிரப்புங்கள். கழுவுங்கள். பிறகு தடுப்பானை மட்டும் சேர்த்து, 2 நிமிடத்துக்கு ஒரு முறை மேல் திரவத்தை எடுத்து எண்ணுங்கள். போலிப் பயணி என்றால் வெளியே வரும் கதிரியக்கம் சட்டென்று ஏறும். உண்மைத் தடுப்பான் என்றால் ஏறாது, பெரும்பாலும் இயல்பான கசிவும் சற்றுக் குறையும். புதிதாக எந்தப் பொருளை வாங்கினாலும் இந்தச் சோதனையை ஒரு நாள் ஒதுக்கிச் செய்துவிடுங்கள்.

எந்தக் கேள்விக்கு எந்தத் தடுப்பான்?

எல்லா வகைகளையும் ஒருசேர நிறுத்த டிபிஓஏ போதும். இஏஏடி-2, இஏஏடி-3 மீது அதன் ஐசி50 (கடத்தியின் வேலையைப் பாதியாக்கும் செறிவு) சில மைக்ரோமோலார். இஏஏடி-1 மீது அதைவிடப் பலவீனம், பத்துக்கணக்கான மைக்ரோமோலார். ஆகவே 10 மைக்ரோமோலார் போட்டுவிட்டு 'எல்லாம் அடைபட்டது' என்று நினைக்காதீர்கள், 100 தேவைப்படும். இன்னும் வலுவானது வேண்டுமென்றால் டிஎஃப்பி-டிபிஓஏ. இஏஏடி-1, இஏஏடி-2 இரண்டையும் அது பத்துக்கணக்கான நானோமோலாரிலேயே பிடிக்கும். கழுவினாலும் எளிதில் விடாது.

இஏஏடி-2 மட்டும் என்றால் இரண்டு வழி. பழையது டைஹைட்ரோகைனேட், சுருக்கமாக டிஹெச்கே. அதன் கேஐ (தடுப்பான் எவ்வளவு இறுக ஒட்டுகிறது என்பதன் அளவு; குறைந்தால் வலுவானது) சுமார் 20 முதல் 25 மைக்ரோமோலார், பொதுவாக 100 முதல் 300 வரை பயன்படுத்துவார்கள். பெயரிலேயே கைனேட் (குளூட்டமேட் ஏற்பியைத் தூண்டும் ஒரு பொருள்) இருப்பதை மறக்கவேண்டாம்: செறிவு ஏற ஏற, குளூட்டமேட் ஏற்பிகளையும் அது தொட்டுவிடும். புதியது வே-213613, ஐசி50 சுமார் 85 நானோமோலார். இஏஏடி-1, இஏஏடி-3 இரண்டையும் தொட அதற்குச் சில மைக்ரோமோலார் தேவை. எனவே 1 மைக்ரோமோலாருக்குக் கீழே வைத்தால் தேர்வுத்தன்மை நிற்கும். எங்களைக் கேட்டால், மின் உடலியக்க வேலைக்கு டிஹெச்கேயைவிட இதையே எடுப்போம்.

இஏஏடி-1 மட்டும் என்றால் யுசிபிஹெச்-101. ஐசி50 ஒரு மைக்ரோமோலாருக்குச் சற்றுக் கீழே. இது குளூட்டமேட் அமரும் இடத்தில் அமராமல், கடத்தியின் வேறொரு குழிவில் ஒட்டி, அது அசைவதையே நிறுத்துகிறது. அதனால் குளூட்டமேட்டை எவ்வளவு கூட்டினாலும் இதைத் தள்ளிவிட முடியாது. மெதுவாக ஒட்டுவதால், அளவிடுவதற்கு முன் 15 முதல் 20 நிமிடம் செல்களோடு வைத்திருங்கள்.

பொடியைக் கரைப்பதில் என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் நம் ஊர்க் காற்று. மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறந்தால் சிங்கப்பூர் ஈரப்பதம் பொடிமேல் பனித்துளியாக இறங்கிவிடும். மூடியபடியே உலர்த்தும் ஜாடியில் 30 முதல் 60 நிமிடம் வைத்து, அறை வெப்பத்துக்கு வந்ததும் திறங்கள். பொடியைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ என்னும் திரவமும் காற்றின் நீரை உறிஞ்சும். பெரிய புட்டியை மாதக்கணக்கில் திறந்து மூடாமல், சிறிய குப்பிகளில் பிரித்து வையுங்கள்.

டிபிஓஏயின் மூலக்கூறு எடை 239.2. 10 மில்லிகிராம் குப்பியில் 41.8 மைக்ரோமோல் இருக்கும். 418 மைக்ரோலிட்டர் டிஎம்எஸ்ஓ சேர்த்தால் 100 மில்லிமோலார் இருப்புக் கரைசல். இதில் 10 மைக்ரோலிட்டரை 10 மில்லிலிட்டர் திரவத்தில் விட்டால் 100 மைக்ரோமோலார், டிஎம்எஸ்ஓ 0.1 விழுக்காடு. தடுப்பான் இல்லாத கட்டுப்பாட்டுக் குழிகளிலும் அதே 0.1 விழுக்காடு டிஎம்எஸ்ஓ இருக்க வேண்டும். 20 மைக்ரோலிட்டர் வீதம் பிரித்து உறையவையுங்கள், உருக்கியதை மறுபடி உறையவைக்காதீர்கள். குப்பியில் 'டிஎல்' என்று இருந்தால் அது ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான 'டி', 'எல்' வடிவங்களின் கலவை, வேலை செய்வது 'எல்' வடிவம். முன்பு வெளியான ஆய்வுக் கட்டுரையின் செறிவை எடுத்தாளும்போது அவர்கள் வைத்திருந்தது எது என்று பாருங்கள்.

டிஹெச்கே (மூலக்கூறு எடை 215.3) அமிலத்தன்மை உடையது. ஒரு சமன் அளவு சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து நீரில் கரைப்பது நல்லது. 10 மில்லிகிராமுக்கு 1 மோலார் கரைசல் சுமார் 46 மைக்ரோலிட்டர், மீதி நீர், மொத்தம் 465 மைக்ரோலிட்டர், அதுவே 100 மில்லிமோலார். யுசிபிஹெச்-101 நீரில் சரியாகக் கரையாது. இருப்பிலிருந்து சொட்டை விடும்போது திரவம் சுழன்றுகொண்டிருக்க வேண்டும். குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் மெல்லிய பளபளப்பு ஓடுகிறதா? அது படிந்துவிட்டது. மறுபடி தயாரியுங்கள்.

உறிஞ்சல் சோதனையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

24 குழித் தட்டில் நிரம்பி வளர்ந்த ஆஸ்ட்ரோசைட்களை வைத்துச் சொல்கிறோம்.

திரவம்: சோடியம் குளோரைடு 140, பொட்டாசியம் குளோரைடு 5, கால்சியம் குளோரைடு 1, மக்னீசியம் குளோரைடு 1, குளுக்கோஸ் 10, ஹெப்பெஸ் (பிஹெச்சை நிலைநிறுத்தும் பொருள்) 10, எல்லாம் மில்லிமோலாரில், பிஹெச் 7.4. சோடியமில்லாத் திரவத்தில் சோடியம் குளோரைடுக்குப் பதில் கோலின் குளோரைடு 140. இங்கேதான் இரண்டு தவறுகள் காத்திருக்கின்றன. ஒன்று, பிஹெச்சைச் சரிசெய்யப் பழக்கதோஷத்தில் சோடியம் ஹைட்ராக்சைடை ஊற்றிவிடுவது. டிரிஸ் காரத்தைப் பயன்படுத்துங்கள், ஹெப்பெஸும் சோடியம் உப்பாக இருக்கக் கூடாது. இரண்டாவது, கோலின் குளோரைடு காற்றின் ஈரத்தைக் குடித்துக் கட்டியாகிவிடும். அந்தக் கட்டியை நிறுத்தால் எடையில் ஒரு பகுதி தண்ணீராக இருக்கலாம். கரைசலின் ஊடுபரவல் அளவைக் கருவியில் பாருங்கள். இரண்டு திரவங்களும் சுமார் 300 மில்லியாஸ்மோலில் ஒத்துவர வேண்டும்.

1. வளர்ப்புத் திரவத்தை எடுத்துவிட்டு, 37 டிகிரிக்குச் சூடாக்கிய திரவத்தில் இருமுறை கழுவுங்கள். சீரத்திலேயே குளூட்டமேட் இருப்பதால் இதை அவசரமாக முடிக்காதீர்கள்.

2. ஒவ்வொரு குழியிலும் 250 மைக்ரோலிட்டர், தடுப்பானோடு அல்லது டிஎம்எஸ்ஓவோடு, 10 நிமிடம் (யுசிபிஹெச்-101 என்றால் 20). குளிர்பதன அறையின் மேசையில் தட்டை வைத்தால் ஓரக் குழிகள் முதலில் குளிர்ந்துவிடும். கடத்தியின் வேகம் வெப்பத்தை ஒட்டிக் கடுமையாக மாறும். சூடான தட்டின்மேலோ நீர்த்தொட்டியிலோ வைத்தே வேலை செய்யுங்கள்.

3. மேலும் 250 மைக்ரோலிட்டர் சேருங்கள். இதில் தடுப்பான் அதே செறிவில் இருக்க வேண்டும். டி-அஸ்பார்டேட் 2 மைக்ரோமோலார் இருந்தால் குழியில் 1 ஆகும். டிரிட்டியம் ஒரு குழிக்கு 9.25 கிலோபெக்கரல், அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 5.5 லட்சம் சிதைவுகள்.

4. 5 நிமிடம். பிறகு உறிஞ்சி எடுத்து, பனிக்குளிரான சோடியமில்லாத் திரவத்தில் 1 மில்லிலிட்டர் வீதம் மும்முறை கழுவுங்கள். சோடியம் இல்லாததால் கடத்தி ஓடாது, குளிரால் கசிவும் குறையும்.

5. 0.5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 300 மைக்ரோலிட்டர், 30 நிமிடம். 200 மைக்ரோலிட்டரை எண்ணும் குப்பிக்கும், கொஞ்சத்தைப் புரத அளவுக்கும் எடுங்கள்.

காரத்தை மினுக்குக் கரைசலில் (கதிரியக்கத்தை எண்ணக்கூடிய ஒளியாக மாற்றும் கரைசல்) நேராக ஊற்றினால் வேதி ஒளி எழுந்து பொய்யான எண்ணிக்கை வரும். அதே அளவு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் நடுநிலையாக்கி, இரவு முழுவதும் இருட்டில் வைத்து எண்ணுங்கள். மறுபடி எண்ணும்போது எண் இறங்கிக்கொண்டே போனால் காரணம் இதுதான்.

இப்போது ஒரு கணக்கு. குழியில் மொத்தம் 500 பிகோமோல் டி-அஸ்பார்டேட். செல்களுக்குள் நிமிடத்துக்கு 55,000 சிதைவுகளுக்கு மேல் போயிருந்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தீர்ந்துவிட்டது என்று பொருள். செழிப்பான ஆஸ்ட்ரோசைட்கள் 5 நிமிடத்திலேயே இதைத் தாண்டக்கூடும். தாண்டினால் கட்டுப்பாட்டுக் குழியில் உண்மை வேகம் தெரியாது, தடுப்பான் பலவீனமானதாகத் தோன்றும். ஆகவே முதல் நாள் 2, 5, 10, 20 நிமிடங்களில் மட்டும் ஓட்டி, கோடு எங்கே வளைகிறது என்று பார்த்து நேரத்தை முடிவுசெய்யுங்கள்.

குளூட்டமேட்டையே விட்டுவிட்டு டி-அஸ்பார்டேட் எதற்கு?

குளூட்டமேட் ஆஸ்ட்ரோசைட்டுக்குள் போனதும் குளூட்டமினாக மாறத் தொடங்கும். டி-அஸ்பார்டேட் மாறாமல் கிடக்கும். இன்னொரு நன்மை: சிஸ்டின்-குளூட்டமேட் பரிமாற்றி சோடியம் இல்லாமலே குளூட்டமேட்டை ஏற்றும். எல்-குளூட்டமேட் வைத்து அளந்தால், சோடியமில்லாத் திரவத்தில் அளந்து 'சோடியமில்லாப் பின்னணி' என்று கழித்துவிடும் எண்ணுக்குள் அந்தப் பரிமாற்றியும் ஒளிந்திருக்கும்.

டிஹெச்கே போட்டேன், வளர்ப்பு ஆஸ்ட்ரோசைட்களில் ஒன்றுமே நடக்கவில்லை. மருந்து கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. தனியாக வளர்க்கப்பட்ட ஆஸ்ட்ரோசைட்களில் இஏஏடி-2 மிகக் குறைவு, இஏஏடி-1தான் வேலை செய்கிறது. டிஹெச்கே தேடும் பொருளே அங்கு இல்லை. நரம்பணுக்களோடு சேர்த்து வளர்த்தாலோ, டைபியூட்டிரில் சுழல் ஏஎம்பி 250 மைக்ரோமோலார் ஒரு வாரம் கொடுத்தாலோ இஏஏடி-2 எழும். மருந்தைச் சந்தேகிப்பதற்கு முன் இஏஏடி-2 புரதம் இருக்கிறதா என்று காட்டும் வெஸ்டர்ன் பிளாட் ஒன்று ஓட்டிவிடுங்கள். முன்மூளை சினாப்டோசோம்களில் (மூளைத் திசுவிலிருந்து பிரித்தெடுத்த நரம்புமுனைகளில்) அதே குப்பி வேலை செய்தால் மருந்து நன்றாகவே இருக்கிறது.

ஒரே தடுப்பானுக்கு ஐசி50 ஏன் கட்டுரைக்குக் கட்டுரை மாறுகிறது?

போட்டித் தடுப்பான்களுக்கு ஐசி50 என்பது கேஐயை (1 + அடிப்பொருள் செறிவு ÷ கேஎம்) ஆல் பெருக்கியது. கேஎம் என்பது கடத்தி பாதி வேகத்தில் ஓடும் அடிப்பொருள் செறிவு. அது 20 மைக்ரோமோலார் என்றால், 1 மைக்ரோமோலார் டி-அஸ்பார்டேட்டில் ஐசி50, கேஐ இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. 100 மைக்ரோமோலார் குளூட்டமேட்டில் அளந்தால் ஐசி50, கேஐயைப் போல ஆறு மடங்கு. யுசிபிஹெச்-101 போட்டியிடாத வகை என்பதால் இந்தத் திருத்தம் அதற்குப் பொருந்தாது.

மூளைச் சீவலில் டிபிஓஏ ஊற்றியதும் எல்லாம் கொந்தளிக்கிறது. என்ன செய்வது?

கொந்தளிப்பது இயல்பு. கடத்திகள் நின்றதும் வெளிக் குளூட்டமேட் ஏறி, என்எம்டிஏ ஏற்பிகள் (குளூட்டமேட் ஏற்பிகளில் ஒரு வகை) திறந்து, வலிப்பு போன்ற வெடிப்புகள் வரும், சீவல் வீங்கும். அதன்பின் பதிவாகும் எதுவும் கடத்தியைப் பற்றிய செய்தி அல்ல. உங்களுக்கு வேண்டியது ஆஸ்ட்ரோசைட்டின் கடத்தி மின்னோட்டம் என்றால், குளூட்டமேட் ஏற்பிகளை அடைக்கும் மருந்துகளான என்பிகியூஎக்ஸ் 10, டி-ஏபி5 (என்எம்டிஏ ஏற்பிக்கு) 50 மைக்ரோமோலார் முதலிலேயே ஓடட்டும். தூண்டலுக்கு எழும் மின்னோட்டத்தில் டிபிஓஏ அழிப்பதும் விட்டுவைப்பதும் வேறுவேறு. விட்டுவைப்பது பெரும்பாலும் பொட்டாசியத்தால் எழும் மெதுவான பகுதி. அதைக் கழித்தால்தான் கடத்தியின் பங்கு கிடைக்கும்.

நரம்பணுவில் பின்னணிக் குளூட்டமேட்டை அளப்பது என்றால் தலைகீழாகச் செய்ய வேண்டும்: என்எம்டிஏ ஏற்பியைத் திறந்துவிட்டு, டிபிஓஏ சேர்த்ததும் பிடிப்பு மின்னோட்டம் (செல்லின் மின்னழுத்தத்தை ஒரே நிலையில் வைத்திருக்கக் கருவி செலுத்தும் மின்னோட்டம்) நகர்வதைப் பார்த்து, கடைசியில் டி-ஏபி5 போட்டு அது திரும்புகிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

நிமிடத்துக்கு 2 மில்லிலிட்டர் ஓட்டத்தில் 10 முதல் 15 நிமிடம் கொடுங்கள். 300 மைக்ரோமீட்டர் சீவலின் நடுவுக்கு மருந்து போய்ச்சேர அவ்வளவு நேரமாகும்.

கடத்திகளுக்குக் குளோரைடு போன்ற எதிர்மின் அயனிகளை விடும் தனி வழியும் உண்டு. டிபிஓஏ அதையும் அடைக்கும். ஆகவே மின்னோட்டம் மாறியது என்பதை மட்டும் வைத்துக் 'குளூட்டமேட் மாறியது' என்று முடிவுகட்ட வேண்டாம்.

பக்கவாதம் போன்ற நிலையில் தடுப்பான் போட்டால் குளூட்டமேட் குறைகிறதே?

சரியாகத்தான் இருக்கிறது. ஆக்சிஜனும் குளுக்கோஸும் இல்லாமல் சோடியம், பொட்டாசியம் சரிவுகள் சரிந்தால் கடத்தி தலைகீழாக ஓடி, உள்ளிருக்கும் குளூட்டமேட்டை வெளியே கொட்டும். அப்போது டிபிஓஏ அந்தக் கொட்டலையும் அடைக்கிறது. நலமான சீவலில் குளூட்டமேட்டைக் கூட்டும் அதே மருந்து இங்கே குறைக்கிறது. மருந்தை எப்போது சேர்த்தீர்கள் என்பதை நிமிடக் கணக்கில் எழுதிவையுங்கள்.

கதிரியக்க அனுமதி இல்லை. வேறு வழி?

செல்களுக்கு 100 மைக்ரோமோலார் குளூட்டமேட் கொடுத்து, 0, 15, 30, 60 நிமிடங்களில் மேல் திரவத்தை எடுத்து, குளூட்டமேட் டிஹைட்ரஜனேஸ் நொதியால் 340 நானோமீட்டரில் அளக்கலாம். தொடக்கக் கல்லூரித் திட்டப்பணிக்குக்கூட ஏற்றது. பிடிசியை இதில் பயன்படுத்தாதீர்கள்: அது வெளியே இழுத்துவிடும் குளூட்டமேட்டும் சேர்ந்து எண்ணப்படும். தடுப்பான் நொதியையே கெடுக்கிறதா என்று, செல் இல்லாத குழாயில் தெரிந்த அளவு குளூட்டமேட்டோடு ஒருமுறை பாருங்கள்.

இதே தடுப்பான்களால் சினாப்ஸ் பைகளுக்குள் ஏறும் குளூட்டமேட்டை நிறுத்தலாமா?

முடியாது. பைகளில் இருப்பவை விஜிளூட் என்னும் வேறு குடும்பம். அவற்றுக்குச் சோடியம் வேண்டாம், ஏடிபியால் இயங்கும் புரோட்டான் பம்பு வேண்டும், சில மில்லிமோலார் குளோரைடு வேண்டும். அஸ்பார்டேட்டை அவை ஏற்பதில்லை, எனவே டி-அஸ்பார்டேட் அங்கே பயன்படாது. பிரித்தெடுத்த பைகளில் ரோஸ் பெங்கால், ஈவன்ஸ் புளூ போன்ற சாயங்கள் தடுக்கும், ஆனால் முழுச் செல்லின் சவ்வைத் தாண்டி இவை உள்ளே போவதில்லை. ரோஸ் பெங்கால் வெளிச்சத்தில் வினைமிகு ஆக்சிஜனை உண்டாக்கும், குழாயை அலுமினியத் தாளில் சுற்றுங்கள். பாஃபிலோமைசின் ஏ1 பம்பையே நிறுத்தும், அதனால் காபா, டோபமின் பைகளும் சேர்ந்தே காலியாகும்.

சிங்கப்பூரில் தொடங்குவதற்கு முன் என்னென்ன அனுமதி?

திசு எடுப்பதற்காக மட்டும் விலங்கைக் கொல்வதானாலும் உங்கள் நிறுவனத்தின் விலங்குப் பராமரிப்பு, பயன்பாட்டுக் குழுவைக் கேளுங்கள். 2004-இல் முதலில் வெளியான தேசிய வழிகாட்டி நெறிகளின்படியே அக்குழுக்கள் இயங்குகின்றன. டிரிட்டியத்துக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கதிரியக்க உரிம ஏற்பாடு உண்டு, உங்கள் கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரி வழியாகப் போங்கள். டிரிட்டியத்தின் பீட்டாக் கதிர் மிகப் பலவீனம், கைகர் கருவிக்குத் தெரியாது. கருவி ஒலிக்கவில்லை என்று மேசை சுத்தம் என்று நம்பாதீர்கள். ஈர வடிதாளால் மேசையைத் துடைத்து, அந்தத் தாளை மினுக்கு எண்ணியில் போட்டுப் பாருங்கள். அரை ஆயுள் 12.3 ஆண்டு, எனவே சிந்தியது தானாக மறைந்துவிடும் என்று காத்திருக்க முடியாது.